கடவுள் எப்படிப்பட்ட அரசர்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கிறிஸ்து அரசர் பெருவிழா வரும் நவம்பர் நெருங்கும்போது வடசென்னையின் ராயபுரம், காசிமேடு, தண்டையார்பேட்டை, வியாசர்பாடி, பெரம்பூர் பக்கத்து அன்பியக் கூட்டங்களிலும் (பங்கின் அக்கம்பக்கக் குடும்பங்கள் சேரும் குழுக்கள்) மறைக்கல்வி வகுப்புகளிலும் வீட்டு ஜெபக்கூட்டங்களிலும் சுற்றிச் சுற்றி வரும் கேள்விகள் இவை. கத்தோலிக்கர், சி.எஸ்.ஐ., பெந்தெகொஸ்து என்று எல்லாரும் ஒரே தெருவில் குடியிருக்கும் பகுதி இது. அதனால் விவிலிய நூலுக்கு இரண்டு பெயர் வழக்கில் இருந்தால் இரண்டையும் கொடுத்திருக்கிறோம். பக்கத்தில் விவிலியத்தைத் திறந்து வைத்துக்கொண்டு படியுங்கள்.

கடவுளை அரசர் என்று விவிலியத்தில் முதலில் பாடியவர்கள் யார்?

தப்பி வந்த அடிமைகள். விடுதலைப் பயணம் (யாத்திராகமம்) 15-ஆம் அதிகாரத்தில் கடலைக் கடந்து கரையேறிய மக்கள் ஒரு நீண்ட பாட்டுப் பாடுகிறார்கள். அதன் முடிவில், 18-ஆம் வசனத்தில், ஆண்டவர் என்றென்றும் அரசாள்வார் என்று வருகிறது. அப்போது அவர்களுக்கு நிலம் கிடையாது, படை கிடையாது, தலைநகரம் கிடையாது. நேற்றுவரை பார்வோனுக்குச் செங்கல் அறுத்துக் கொடுத்தவர்கள். இனி எங்களை ஆள்பவர் வேறு ஒருவர் என்று சொல்லும் துணிச்சல் அந்தப் பாட்டில் இருக்கிறது.

இதை மனத்தில் இருத்திக்கொண்டால் மற்ற கேள்விகள் பாதி தீர்ந்துவிடும். கடவுள் அரசர் என்ற நம்பிக்கை அரண்மனையில் பிறக்கவில்லை. ஓர் அரசனின் கொடுமையிலிருந்து வெளியே வந்தவர்கள் வாயில் பிறந்தது. பின்னால் போரில் வென்ற தலைவர் கிதியோனை மக்கள் அரசனாக்கப் பார்த்தபோது அவர், நானும் ஆளமாட்டேன், என் மகனும் ஆளமாட்டான், ஆண்டவரே உங்களை ஆள்வார் என்று மறுத்ததும் இதே வழியில்தான் (நீதித்தலைவர்கள் அல்லது நியாயாதிபதிகள் 8:23).

அப்படியானால் இஸ்ரயேலர் ஏன் மனித அரசனைக் கேட்டார்கள்? கடவுள் ஏன் சம்மதித்தார்?

1 சாமுவேல் 8-ஐ முழுதாகப் படியுங்கள், 22 வசனங்கள்தான். மக்களை வழிநடத்திய இறைவாக்கினர் சாமுவேலுக்கு வயதாகிவிட்டது, அவர் மகன்கள் கைக்கூலி வாங்குகிறார்கள். மற்ற நாடுகளுக்கு இருப்பதுபோல எங்களுக்கும் ஓர் அரசன் வேண்டும் என்று மூப்பர்கள் வந்து நிற்கிறார்கள். அவர்கள் உன்னை ஒதுக்கவில்லை, தங்களை நான் ஆளாதபடி என்னைத்தான் ஒதுக்குகிறார்கள் என்று கடவுள் சாமுவேலிடம் சொல்கிறார். பிறகு அரசன் வந்தால் என்ன நடக்கும் என்று எச்சரிக்கச் சொல்கிறார். 11 முதல் 17 வரையுள்ள வசனங்களைக் குழுவில் ஒருவர் சத்தமாக வாசிக்க, மற்றவர்கள் அரசன் எதையெல்லாம் எடுத்துக்கொள்வான் என்று தாளில் எழுதட்டும். மகன்கள் தேருக்கும் உழவுக்கும் ஆயுதம் செய்யவும், மகள்கள் நறுமணத் தைலம் செய்யவும் சமையலுக்கும், நல்ல வயல், திராட்சைத் தோட்டம், ஒலிவத் தோப்பு, விளைச்சலில் பத்தில் ஒன்று, வேலைக்காரர், கழுதை, மந்தையில் பத்தில் ஒன்று. பட்டியலின் முடிவில் ‘நீங்கள் அவனுக்கு அடிமைகள்’ என்று வரும். எகிப்துக்கே திரும்பிப் போனதுபோல.

அரசன் வந்தே தீருவான் என்றால் அவனுக்கு என்ன வரம்பு என்பதை இணைச்சட்டம் (உபாகமம்) 17:14-20 சொல்கிறது. குதிரைகளைப் பெருக்கக் கூடாது, மனைவியரைப் பெருக்கக் கூடாது, வெள்ளியும் பொன்னும் மிகுதியாகச் சேர்க்கக் கூடாது, சட்டத்தின் ஒரு நகலை வைத்துக்கொண்டு வாழ்நாளெல்லாம் படிக்க வேண்டும், தன் சகோதரர்களுக்கு மேலாகத் தன்னை நினைக்கக் கூடாது. இதைக் கையில் வைத்துக்கொண்டு சாலமோனின் கணக்கைப் பாருங்கள்: ஓராண்டில் 666 தாலந்து பொன், 1,400 தேர், 12,000 குதிரை வீரர், எகிப்திலிருந்து குதிரைகள், 700 மனைவியர், 300 மறுமனைவியர் (1 அரசர்கள் அல்லது 1 இராஜாக்கள், அதிகாரங்கள் 10, 11). குதிரை, மனைவியர், பொன் என்ற மூன்று வரம்பும் மீறப்பட்டிருக்கிறது. அவர் மகன் ரெகபெயாம் சுமையை இன்னும் கூட்டுவேன் என்றான், நாடு இரண்டாக உடைந்தது.

இந்த நூல்கள் அரசர்களைப் புகழ்வதற்காக எழுதப்பட்டவை என்று நினைப்பவர்களுக்கு இந்த அதிகாரங்களைக் காட்டலாம்.

கடவுளின் ஆட்சியில் என்னதான் நடக்கும்?

திருப்பாடல் (சங்கீதம்) 146 கடைசி வசனத்தில் ஆண்டவர் என்றென்றும் ஆட்சி செய்கிறார் என்கிறது. அதற்கு முன்னுள்ள வசனங்களில் அந்த ஆட்சியின் வேலைகள் வரிசையாக இருக்கின்றன: ஒடுக்கப்பட்டவருக்கு நியாயம், பசித்தவருக்கு உணவு, சிறைப்பட்டவருக்கு விடுதலை, பார்வையற்றவருக்குப் பார்வை, தாழ்த்தப்பட்டவரைத் தூக்கி நிறுத்துதல், அயல்நாட்டார், அநாதைகள், கைம்பெண்களுக்குப் பாதுகாப்பு. திருப்பாடல் 72-இலும் நல்ல அரசனுக்கு அளவுகோல், ஏழைக்கு நீதி கிடைத்ததா என்பதே. 93, 97, 99 ஆகிய மூன்றும் ஆண்டவர் ஆட்சி செய்கிறார் என்ற அறிக்கையோடு தொடங்குபவை. ஆனால் ஒன்றை மட்டும் மனப்பாடம் செய்வதானால் 146-ஐச் செய்யுங்கள். பத்தே வசனம், குழந்தைகளுக்கும் வரும்.

இயேசு தன்னை அரசர் என்று சொல்லிக்கொண்டாரா?

நேராகச் சொன்ன இடம் அரிது. கடவுளின் ஆட்சி நெருங்கி வந்துவிட்டது என்றுதான் போதிக்கத் தொடங்கினார் (மாற்கு 1:15). அப்பம் பலுகியபின் மக்கள் பிடித்து அரசராக்க வந்தபோது தனியாக மலைக்கு விலகிப் போனார் (யோவான் 6:15). சோறு கிடைத்த இடத்தில் பட்டம் கட்டுவது அவர் விரும்பிய அரசப் பதவி இல்லை. எருசலேமுக்குள் குதிரையில் வராமல், செக்கரியா (சகரியா) 9:9 சொன்னபடி கழுதைக் குட்டியில் வந்தார்.

பிடிபட்டு, கட்டுண்டு, ஆதரவாளர் ஒருவரும் இல்லாமல் ரோம ஆளுநர் பிலாத்துவின் முன் நின்றபோதுதான் அந்தக் கேள்விக்கு நின்று பதில் சொல்கிறார் (யோவான் 18:33-37). படைவீரர்கள் கேலிக்காகச் செந்நிற ஆடையும் முள்முடியும் போட்டு, யூதரின் அரசே வாழ்க என்கிறார்கள். நற்செய்தியாளர்கள் அதைக் கேலியாக மட்டும் எழுதவில்லை. வீரர்கள் தெரியாமல் உண்மையைச் சொல்லிவிட்டார்கள் என்றே எழுதுகிறார்கள்.

சிலுவையின் மேல் ஐ.என்.ஆர்.ஐ. என்று இருக்கிறதே?

‘நாசரேத்து இயேசு, யூதர்களின் அரசர்’ என்பதன் லத்தீன் முதலெழுத்துகள். தண்டனைக்கான காரணத்தை எழுதி வைத்த பலகை அது. எபிரேயம், லத்தீன், கிரேக்கம் மூன்றிலும் இருந்தது என்று யோவான் 19:20 சொல்கிறது.

‘என் ராஜ்யம் இவ்வுலகத்திற்குரியதல்ல’ என்றாரே. அப்படியானால் அது செத்தபின் போகும் பரலோகம் மட்டும்தானே?

அந்த வசனத்தைப் பாதியில் நிறுத்துவதால் வரும் பிழை இது. யோவான் 18:36 தொடர்ந்து என்ன சொல்கிறது? அது இவ்வுலகத்தைச் சேர்ந்ததாக இருந்தால் என் ஆட்கள் போராடியிருப்பார்கள் என்கிறது. எந்த வழியில் அந்த ஆட்சி நடக்கிறது என்பதுதான் பேச்சு. ஆள் சேர்த்து அடித்துப் பிடிக்கும் வழியில் அது நடக்காது. எங்கே நடக்கிறது என்று கேட்டால், உமது விருப்பம் விண்ணுலகில் நிறைவேறுவதுபோல மண்ணுலகிலும் நிறைவேறுக என்று தினமும் சொல்லும் ஜெபத்தில் பதில் இருக்கிறது. மீன்பிடித் துறைமுகத்தின் கூலி, புளியந்தோப்பில் தேங்கும் மழைநீர், பிள்ளைகளின் படிப்பு இவற்றைப் பற்றி ஆலயத்தில் பேசக் கூடாது என்பதற்கு இந்த வசனத்தை எடுப்பவர்கள் அதைத் தலைகீழாகப் பிடித்திருக்கிறார்கள்.

உவமைகளில் வரும் அரசன் எல்லாம் கடவுள்தானா?

இல்லை. ஒவ்வொன்றாகப் பார்க்க வேண்டும்.

மத்தேயு 18:23-35-இல் அரசன் கடனைத் தள்ளுபடி செய்கிறான். கணக்குப் போட்டால்தான் உவமை புரியும். தாலந்து பெரிய பண அளவு, தெனாரியம் வெள்ளிக்காசு. ஒரு தாலந்து 6,000 தெனாரியம். ஒரு தெனாரியம் ஒரு நாள் கூலி (மத்தேயு 20:2). பணியாள் பட்ட கடன் 10,000 தாலந்து, அதாவது 6 கோடி நாள் கூலி. ஆண்டுக்கு 300 நாள் வேலை செய்தாலும் அடைக்க 2 லட்சம் ஆண்டு ஆகும். அவன் ‘எல்லாவற்றையும் கொடுத்துத் தீர்க்கிறேன்’ என்கிறான், அந்த வாக்கே அபத்தம். அவனுக்குச் சக பணியாள் தரவேண்டியது 100 தெனாரியம். நம் பக்கத்தில் 100 நாள் தண்டல் வாங்கி, தினமும் கடை வாசலில் வந்து நிற்பவருக்குப் பணம் எண்ணிக் கொடுப்பவர்களுக்கு இந்த எண் நன்றாகத் தெரியும். 100 நாள் கூலி அற்பத் தொகை ஆகாது, அந்தக் கடன் வலிக்கும். இந்தச் சின்னக் கடனை ஒன்றுமில்லை என்று இயேசு சொல்லவில்லை. 6 கோடி தள்ளுபடியான ஆள் 100-க்காகக் கழுத்தைப் பிடிக்கிறான் என்பதைத்தான் காட்டுகிறார்.

லூக்கா 19:11-27 வேறு வகை. உயர்குடியில் பிறந்த ஒருவன் ஆட்சியுரிமை வாங்கத் தொலைநாட்டுக்குப் போகிறான், ஊரார் அவன் எங்களுக்கு வேண்டாம் என்று தூதுக்குழு அனுப்புகிறார்கள், திரும்பி வந்து எதிர்த்தவர்களைக் கண்முன் வெட்டச் சொல்கிறான். கேட்டவர்களுக்கு உடனே அர்க்கெலா ஞாபகத்துக்கு வந்திருப்பான். கி.மு. 4-இல் பெரிய ஏரோது இறந்ததும் அவன் மகன் அர்க்கெலா ரோமுக்குப் போய் அகுஸ்து பேரரசரிடம் ஆட்சியைக் கேட்டான். அவனை எதிர்த்து யூதர் 50 பேர் கொண்ட குழு பின்னாலேயே போனது. எரிகோவில் அவன் புதுப்பித்துக் கட்டிய அரண்மனை இருந்தது, இயேசு இதைச் சொன்னதும் எரிகோவை ஒட்டித்தான். ஆகவே 27-ஆம் வசனத்தை எடுத்து, எதிரிகளைக் கடவுள் இப்படித்தான் செய்வார் என்று பயமுறுத்துவது சரியில்லை என்பது எங்கள் கருத்து. நாணயங்களைக் கொடுத்துக் கணக்குக் கேட்கும் பகுதியில் நம்பகம் பற்றிய பாடம் இருக்கிறது. அந்த மனிதனின் குணத்தைக் கடவுளுக்கு ஏற்ற வேண்டியதில்லை.

‘நான் ராஜாவின் பிள்ளை, எனக்கு ஏன் கஷ்டம்?’ என்று ஜெபக்கூட்டங்களில் கேட்கிறார்களே?

நாம் அரச குலம் என்பது உண்மையான போதனைதான். 1 பேதுரு 2:9 அரச குருத்துவக் கூட்டம் என்கிறது. கத்தோலிக்கத் திருமுழுக்கில் கிறிஸ்மா எண்ணெய் பூசும்போது, குருவும் இறைவாக்கினரும் அரசருமான கிறிஸ்துவின் உறுப்பாக அந்தக் குழந்தை ஆக்கப்படுகிறது. தவறு அடுத்த படியில் நடக்கிறது: அரச குலம் என்றால் வசதி, பணம், முதல் வரிசை என்று எடுத்துக்கொள்வது.

இயேசுவின் சீடர்கள் யாக்கோபும் யோவானும் இதையேதான் கேட்டார்கள், ஒருவர் வலப்பக்கம், ஒருவர் இடப்பக்கம். மாற்கு 10:42-45-இல் பதில் வருகிறது. பிற இனத்தாரின் தலைவர்கள் மக்களை அடக்கி ஆள்கிறார்கள், உங்களுக்குள் அப்படி இருக்கக் கூடாது, முதல்வனாக விரும்புகிறவன் எல்லாருக்கும் பணியாளனாகட்டும். யோவான் 13-இல் அந்த அரசர் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு பாதம் கழுவுகிறார்.

இந்தப் பிழையின் விளைவு கொடியது. வேலை போனவரும், டயாலிசிஸுக்கு அலைபவரும், மழையில் வீட்டுச் சாமான்களை இழந்தவரும் தங்கள் விசுவாசம் போதவில்லை என்று தங்களையே குற்றம் சாட்டிக்கொள்கிறார்கள். அப்படி ஒருவர் உங்கள் கூட்டத்தில் இருந்தால், முள்முடி சூடிய அரசருக்கு விசுவாசம் குறைவாகவா இருந்தது என்று அவர் பக்கத்தில் உட்கார்ந்து கேளுங்கள்.

இதன் இன்னொரு வடிவம், கடவுளைப் பெரிய புள்ளியாக நினைத்து, ஆள் பிடித்து, காணிக்கை கட்டி, காரியம் சாதிப்பது. கட்அவுட்டும் ஆளுயர மாலையும் பார்த்து வளர்ந்த ஊரில் அது எளிதில் வந்துவிடும். நேர்ச்சை நன்றியாக இருக்கும்வரை நல்லது, முன்பணமாக மாறும்போது நிறுத்த வேண்டும்.

அரசருக்குப் பயப்பட வேண்டுமா, தந்தையிடம் பிள்ளைபோல் பேசலாமா?

இயேசு கற்றுத்தந்த ஜெபத்தில் ‘எங்கள் தந்தையே’ முதலில் வருகிறது, ‘உமது ஆட்சி வருக’ பிறகு வருகிறது. அந்த வரிசையிலேயே போங்கள்.

இயேசுதான் அரசர் என்றால் அரசாங்கத்துக்குக் கீழ்ப்படிய வேண்டாமா?

வரி கட்டலாம், சட்டத்தை மதிக்கலாம், வாக்களிக்க வேண்டும். ரோமப் பேரரசர் சீசரின் உருவம் பொறித்த நாணயத்தைச் சீசருக்குக் கொடுங்கள், கடவுளுக்குரியதைக் கடவுளுக்குக் கொடுங்கள் என்றார் இயேசு (மத்தேயு 22:21). நாணயத்தில் சீசரின் உருவம் இருக்கிறது, மனிதனில் கடவுளின் சாயல் இருக்கிறது. ஆகையால் மனிதனை முழுதாகக் கேட்கும் உரிமை எந்த ஆட்சிக்கும் கிடையாது. தொடக்கத் திருச்சபைக்கு இது விளையாட்டாக இருக்கவில்லை. தெசலோனிக்காவில், இயேசு என்ற வேறோர் அரசர் இருப்பதாகச் சொல்கிறார்கள் என்பதே குற்றச்சாட்டு (திருத்தூதர் பணிகள் அல்லது அப்போஸ்தலர் 17:7). கி.பி. 155 வாக்கில் சிமிர்னா ஆயர் போலிக்கார்ப்பிடம் கிறிஸ்துவைப் பழிக்கச் சொன்னார்கள். 86 ஆண்டுகள் அவருக்கு ஊழியம் செய்தேன், அவர் எனக்கு ஒரு தீங்கும் செய்யவில்லை, என்னை மீட்ட என் அரசரை எப்படிப் பழிப்பேன் என்று சொல்லி உயிரைக் கொடுத்தார்.

கிறிஸ்து அரசர் பெருவிழா எப்போது ஏற்பட்டது? தேதி ஏன் மாறுகிறது?

திருத்தந்தை 11-ஆம் பத்திநாதர் 1925 டிசம்பர் 11 அன்று ‘குவாஸ் பிரீமாஸ்’ என்ற சுற்றுமடலால் ஏற்படுத்தினார். திருச்சபையின் முதல் பொதுச்சங்கமான நிசேயாப் பொதுச்சங்கத்தின் 1,600-ஆம் ஆண்டு அது. முதல் உலகப்போர் முடிந்து ஏழு ஆண்டுதான் ஆகியிருந்தது. பெரிய முடியாட்சிகள் சரிந்திருந்தன, இத்தாலியில் முசோலினி அதிகாரத்தைக் கையில் குவித்துக்கொண்டிருந்தார். தேசமும் தலைவனும் கடவுளின் இடத்தைக் கேட்ட காலத்தில், அந்த இடம் நிரம்பியிருக்கிறது என்று சொன்ன விழா இது. ஜனநாயக நாட்டில் அரசர் என்ற சொல் எதற்கு என்று கேட்கும் இளைஞர்களுக்கு இந்தப் பின்னணியைச் சொல்லுங்கள்.

முதலில் அக்டோபர் கடைசி ஞாயிறு. 1969-இல் திருவழிபாட்டு ஆண்டின் கடைசி ஞாயிறுக்கு மாற்றினார்கள், அதாவது கிறிஸ்துமஸுக்கு ஆயத்தமாகும் திருவருகைக் காலத்துக்கு முந்தின ஞாயிறு. நவம்பர் 20-க்கும் 26-க்கும் இடையில் வரும். 2026-இல் நவம்பர் 22, 2027-இல் நவம்பர் 21. லூத்தரன், ஆங்கிலிக்கன் மரபுச் சபைகள் பலவும் இதே ஞாயிறில் கொண்டாடுகின்றன. திருவுடை வெள்ளை. நற்செய்தி மூன்றாண்டுச் சுழற்சியில் மாறும்: முதலாண்டு மத்தேயு 25:31-46, இரண்டாமாண்டு யோவான் 18:33-37, மூன்றாமாண்டு லூக்கா 23:35-43. தீர்ப்பு வழங்கும் அரசர், கைதியான அரசர், சிலுவையில் தொங்கும் அரசர். மூன்றில் ஒன்றிலாவது அரண்மனைக் காட்சி இருக்கிறதா என்று பாருங்கள்.

அன்று நற்கருணைப் பவனி நடத்துகிறோம். எதைக் கவனிக்க வேண்டும்?

முதலில் மழை. நவம்பர் பிற்பகுதி வடகிழக்குப் பருவமழையின் நடுப்பகுதி. சுரங்கப்பாதை வழியாகப் போகும் வழித்தடத்தை எடுக்காதீர்கள், வியாசர்பாடி, கொருக்குப்பேட்டைப் பக்கம் ஒரு மணி நேர மழையிலேயே தண்ணீர் நின்றுவிடும். மழை வந்தால் ஆலயத்துக்குள்ளேயே சுற்றி வருவது என்று முதல் வாரமே முடிவு செய்து அறிவித்துவிடுங்கள். அன்று மாலை வாசலில் நின்று விவாதித்தால் குழப்பம்தான்.

காவல் நிலையத்தில் முன்கூட்டியே மனு கொடுங்கள். தெருப் பெயர்களோடு வழித்தடம், தொடங்கும் நேரம், முடியும் நேரம், உத்தேச எண்ணிக்கை, ஒலிபெருக்கி உண்டா என்பதெல்லாம் இருக்க வேண்டும். சப்பர வண்டி என்றால் முந்தின நாள் அதே தெருக்களில் ஒரு மூங்கில் கழியை வண்டியின் உயரத்துக்கு நிமிர்த்திப் பிடித்து நடந்து பாருங்கள். தாழத் தொங்கும் மின்கம்பியும் கேபிளும்தான் மிகப் பெரிய ஆபத்து. உச்சியில் விளக்கு வைத்த இரும்புக் கிரீடம் வேண்டவே வேண்டாம்.

வழிபாட்டு முறை: பவனிக்கான அப்பம் அதற்கு முந்தின திருப்பலியிலேயே அர்ச்சிக்கப்படுவது நல்லது. திருவிருந்து முடிந்ததும், அப்பத்தை எல்லாரும் பார்க்கும்படி ஏந்தும் கதிர்ப்பாத்திரத்தில் வைத்து, தூபம், மெழுகுதிரிகள், நான்கு கால் விதானத்தோடு புறப்பட வேண்டும். முடிவில் நற்கருணை ஆசீர். மனித குலத்தைக் கிறிஸ்து அரசருக்கு ஒப்புக்கொடுக்கும் செபத்தை அன்று பொதுவில் சொல்வோருக்கு வழக்கமான நிபந்தனைகளோடு (ஒப்புரவு, நற்கருணை, திருத்தந்தையின் கருத்துக்காகச் செபம்) முழுப்பலன் (பாவத்துக்கான தண்டனையிலிருந்து திருச்சபை தரும் முழு மன்னிப்பு) உண்டு. அந்தச் செபத்தை அச்சடித்துக் கொடுங்கள். ஒலிபெருக்கியில் ஒருவர் மட்டும் வாசித்தால் மக்கள் பார்வையாளர் ஆகிவிடுகிறார்கள்.

அடிக்கடி கெடுவது அலங்காரம். ஜிகினாவும் சீரியல் விளக்கும் ஏற ஏற, நடுவில் இருக்கும் அப்பம் கண்ணில் படாமல் போகிறது. அலங்காரச் செலவுக்கு ஒரு வரம்பு வைத்து, அதே அளவு தொகையை மத்தேயு 25-க்காக ஒதுக்குங்கள். பசித்தவர், தாகமாயிருப்பவர், அந்நியர், ஆடையில்லாதவர், நோயாளி, சிறையிலிருப்பவர் என்று அந்த அரசர் தன்னை ஆறு வகையில் காட்டியிருக்கிறார். ஒவ்வோர் அன்பியமும் ஒரு வகையை எடுத்துக்கொள்ளலாம்.

பிள்ளைகளுக்கு எப்படிச் சொல்லித்தருவது?

தங்கத்தாள் கிரீடம் ஒட்டுவதோடு முடித்துவிடாதீர்கள், அவர்கள் நினைவில் சினிமா ராஜாதான் நிற்பார். கிரீடத்துக்குப் பக்கத்தில் ஒரு துண்டும் தண்ணீர்ப் பாத்திரமும் வையுங்கள். இயேசு இந்த மூன்றில் எதைக் கையில் எடுத்தார் என்று கேட்டுவிட்டு யோவான் 13:1-15-ஐ வாசியுங்கள். எட்டு வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்குச் சிலுவைக் காட்சியை விரிவாக விவரிக்க வேண்டாம்.

அரசர் இருக்கிறார் என்றால், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணூர் கழிமுகத்தில் எண்ணெய் படர்ந்து வலையும் படகும் நாசமானபோது அவர் எங்கே இருந்தார்?

இந்தக் கேள்வியைக் கேட்பவரை அடக்கக் கூடாது. விவிலியத்தில் கடவுளை ‘என் அரசே’ என்று அழைக்கும் பாட்டுகளில் சில, இதே கேள்வியைக் கேட்பவைதான். திருப்பாடல் 44:4-இல் கடவுளே நீரே என் அரசர் என்பவர், 23-இல் எழுந்திரும், ஏன் தூங்குகிறீர் என்கிறார். திருப்பாடல் 10 கடவுள் ஏன் தொலைவில் நிற்கிறார் என்று தொடங்கி, 16-ஆம் வசனத்தில்தான் அவரை அரசர் என்கிறது. திருப்பாடல் 74-இல் கோவில் எரிந்து கிடக்கிறது, இன்னும் எத்தனை காலம் என்று கேட்டுக் கதறிய பிறகே 12-ஆம் வசனத்தில் கடவுள் முன்னாளிலிருந்தே என் அரசர் என்று வருகிறது. அரசர் என்று நம்புவதால்தான் அவரிடம் முறையிட முடிகிறது. ஆட்சி இயேசுவில் தொடங்கிவிட்டது, இன்னும் நிறைவேறவில்லை என்று திருச்சபை போதிக்கிறது. அதனால்தான் ‘வருக’ என்று இன்றும் ஜெபிக்கிறோம்.

பாதிக்கப்பட்ட குடும்பங்களோடு ஜெபிக்கும்போது 74-ஐ முதல் வசனத்திலிருந்து வாசியுங்கள். ஆறுதலான வசனத்துக்குத் தாவிப் போனால் அவர்கள் வலியை வாயடைத்ததாகிவிடும். அந்தப் பாட்டு பதில் வராமலே, எழுந்து வழக்காடும் என்ற வேண்டுதலோடு முடிகிறது. லூக்கா 18-இல் வரும் கைம்பெண்ணும் நீதிபதியிடம் திரும்பத் திரும்பப் போய் நின்றாள். ஜெபம் முடிந்ததும் இழப்பீட்டு மனுவை அவர்களோடு உட்கார்ந்து எழுதுங்கள். படகுப் பதிவுச் சான்று, குடும்ப அட்டை, வங்கிப் புத்தகம் மூன்றின் நகலையும் சேருங்கள். அதை யார் கொண்டுபோவது, எந்த நாளில் என்பதைக் கலைவதற்கு முன்பே முடிவு செய்யுங்கள்.